பச்சை உடம்புக்காரி

டிண், டிண், டிண். நகம் கண்ணாடியில் படுகிற சத்தம். அறுபத்தொன்பதாம் வருஷம், பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரி விடுதி ஒன்றில், மாலைப் படிப்பு மணி அடித்து முப்பது பெண்களும் வாயை மூடிப் புத்தகத்தைத் திறந்த பிறகு, அடுத்த கட்டிலிலிருந்து வரும். ஜெபமலர் தலையணைக்கு அடியிலிருந்து ஹோமியோபதி மாத்திரைக் குப்பியை எடுத்து, சுட்டுவிரல் நகத்தால் மூன்று முறை தட்டுவாள். உள்ளே ஒரு ராணி எறும்பு. தட்டினால் அது பஞ்சிலிருந்து தலையைத் தூக்கி மீசையை ஆட்டும். "பாத்தியா, குட் ஈவினிங் சொல்லுதா" என்பாள். நான் விலங்கியலில் முதல் மார்க் வாங்குகிறவள். தட்டாதே, அதிர்ந்தால் இட்ட முட்டையைத் தானே தின்றுவிடும் என்பேன். அதன் வாயில் எதையும் வைக்காதே, முதல் பிள்ளைகள் வெளியே வருகிறவரை ராணி சாப்பிடாது, பறப்பதற்கென்று இருந்த தசை கரைந்து அதுவே அவளுக்குச் சாப்பாடு, புத்தகத்தில் இருக்கிறது என்பேன். ஜெபமலர் நாசரேத்துக்காரி. "புஸ்தகம் எழுதுனவரு எத்தன நாளு பட்டினி கெடந்தாராம்" என்று கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் போட்ட கறியிலிருந்து நூல் மாதிரி ஒரு நாரைப் பிய்த்து உள்ளே போடுவாள். பிறகு மறுபடி டிண், டிண். கரண்டி பட்டால் பாத்திரம்தான் சத்தம் போடுகிறது. நகம் பட்டால் அதற்குள் ஒரு விரல் இருக்கிறது, விரலுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறாள். ஐம்பத்தாறு வருஷமாக எங்கே கிடந்ததோ அந்தச் சத்தம், கண்ணை மூடினவுடன் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

கண்ணை மூடித்தான் இருக்க வேண்டும். வலது கண்ணில் புரை எடுத்து இன்றோடு ஒன்பது நாள். மூன்று மருந்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்து நிமிஷம், இரண்டு கண்ணும் மூடியபடி. ஊற்றுகிறவள் பிரமு. பிரமநாயகி என்று முழுப்பேர், என் வீட்டுக்காரருடைய தங்கை, எழுபத்தோரு வயது. அவர் போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். "மேல பாருங்க மதினி. மூக்கப் பாக்காதீங்க, மேல. இமைக்காதீங்க. இமைக்காதீங்கன்னு சொன்னாத்தான் இமைப்பீங்க." ஒரு சொட்டு, குளிர்ந்து, தொண்டை வரைக்கும் கசந்து இறங்குகிறது. கண்ணுக்கு விடுகிற மருந்து தொண்டையில் எப்படிக் கசக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் வியப்பாக இருக்கிறது, படித்ததுதான், கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு வாய்க்கால் உண்டு, படத்தில் நானே அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறேன், எழுதினதற்கும் கசப்பதற்கும் சம்பந்தமே இல்லை. "மூடுங்க. தொறந்தீங்கன்னா கையக் கட்டிப் போட்டிருவேன்." கண்ணைத் திறக்கக் கை எதற்கடி என்றேன். "கசக்குறதுக்கு" என்றாள். போய்விட்டாள். செருப்பு போடாத கால், குதிகால் வெடித்த கால், சிமெண்டுத் தரையில் தேங்காய் துருவுகிற மாதிரி உரசிக்கொண்டு போகிறது. மணி நாலு இருக்கும். நாலரைக்கு மூன்றாவது மருந்தும் முடிந்துவிடும். அப்புறம் பீரோவின் கீழ்த்தட்டைத் திறக்க வேண்டும். இன்றைக்குச் சங்கரன்கோவிலில் ஆடித்தபசு. இன்றைக்குத்தான் கெடு. கீழ்த்தட்டில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றிய சோதனைக்குழாய் ஒன்று படுத்திருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, பஞ்சுக்கு இந்தப் பக்கம் என் ராணி, குழாயின் வாயில் இன்னொரு பஞ்சு. வைகாசி மழையில் பிடித்தது. ஆடித்தபசுக்குள் ஒரே ஒரு வேலைக்கார எறும்பாவது புழுக்கூட்டைக் கிழித்து வெளியே வந்தால் தட்டு எனக்கே, பிரமு ஒரு வருஷத்துக்கு அடுக்களையில் எறும்புச் சாக்பீஸ் கோடு போடக்கூடாது. வராவிட்டால் குழாய் வெளியே போக வேண்டும், தட்டு அவளுடைய கொலு பொம்மைப் பெட்டிக்கு, நான் இனி எறும்பு பிடிக்கக் கூடாது. "எழுதித் தாங்க" என்று கேட்டாள் பிரமு. காலண்டரில் இன்றைய தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன். அந்த வட்டம் இப்போது மூடிய இமைக்குள் ஆரஞ்சு நிறத்தில் சுற்றுகிறது. வேலைக்கார எறும்பு வர ஐந்தாறு வாரம் போதும். பத்து வாரம் ஆகிவிட்டது. கடைசியாகப் பார்த்தது ஆபரேஷனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. இந்தத் தடவையும் போனால் நான்காவது தடவை முயற்சி செய்ய எனக்குத் தைரியம் இருக்காது, அது பிரமுவுக்குத் தெரியாது, தட்டைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன் என்று நினைக்கிறாள்.

அவர் இறந்த வருஷம்தான், இரண்டு வருஷத்துக்கு முன்னால், இந்த எறும்பு வளர்ப்பு ஆரம்பித்தது. சித்திரையில் போனார், வைகாசியில் மழை. நாலு மணிக்குக் கொட்டி ஐந்தரைக்கு விட்டு, மண் வாசனையோடு ஒரு மஞ்சள் வெயில் அடித்தது, அப்போது துணி துவைக்கிற கல்லின் மேல் எங்கிருந்தோ வந்து விழுந்தாள் ஒருத்தி. நான்கு சிறகு, தடித்த முதுகு. ஈசல் என்று நினைத்து ஒதுக்கப் பார்த்தேன், இடுப்பைப் பார்த்ததும் கை நின்றது. ஈசலுக்கு இடுப்பே கிடையாது, மீசை நேராக இருக்கும், மணி கோத்த மாதிரி. எறும்புக்கு மீசை முழங்கை மாதிரி மடங்கும். கல்லூரியில் பேராசிரியை சொன்னது அப்படியே வாயில் வந்தது, மடங்கினால் எறும்பு, மடங்காவிட்டால் கரையான். பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் பின்னங்காலைத் தூக்கிச் சிறகின் அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். ஒன்று விழுந்தது. திரும்பி அடுத்தது. நான்கையும் தானே கழற்றிக் கல்லின் மேல் வைத்துவிட்டு நடந்து போனாள். யாரும் கூட்டம் கூடி வந்து கழற்றவில்லை. பதினாறாம் நாள் எனக்கு நடந்தது ஞாபகம் வந்து நான் சிரித்துவிட்டேன், துக்க வீட்டில் சிரிக்கிறாள் என்று பிரமு ஓடி வந்து பார்த்தாள். அதற்குள் அந்த எறும்பு கல்லின் விரிசலுக்குள் போய்விட்டது, சிறகுகள் மட்டும் என் கையில், வெங்காயச் சருகைவிட மெல்லியவை. அடுத்த மழைக்குக் காத்திருந்து ஒன்றைப் பிடித்தேன். குழாய், பஞ்சு, இருட்டு, எல்லாம் முறைப்படி. நாலாம் நாள் செத்துக் கிடந்தது. செல்போனில் எறும்பு வளர்க்கிறவர்களுடைய குழுவில் படம் போட்டுக் கேட்டேன், அது ஆண் என்றார்கள், தலை சின்னது பாருங்கள், கூடலுக்குப் பிறகு எப்படியும் செத்துப்போகும் என்றார்கள். பிரமு அடுக்களையிலிருந்து அப்பளக் குத்தியோடு வந்து நின்றாள். "ஆம்பிளையப் புடிச்சிட்டு வந்து பிள்ளை பெறுவான்னு பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கீங்க. படிச்ச படிப்பு எம்புட்டு ஒதவுது பாத்தீங்களா மதினி." ஒரு வாரத்துக்கு வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரிடமும் அதைச் சொன்னாள், பால்காரர் வரைக்கும். போன வருஷம் பிடித்தது உண்மையான ராணி. தோளில் சிறகு விழுந்த தழும்பு இருந்தது, தடவிப் பார்க்கிற அளவுக்குப் பெரியவள், கறுப்பு, கட்டெறும்பு ராணி என்று முடிவு கட்டினேன். கட்டெறும்பு ராணிக்குச் சாப்பாடு வேண்டாம், அவளுடைய தபசு அது, தனியாக இருட்டில் இருந்து பெற்று எடுப்பாள். ஐந்து முட்டை இட்டாள். நான் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு நிமிஷம் மட்டும் பார்ப்பேன், ஐந்து நாலாயிற்று, நாலு இரண்டாயிற்று, அப்புறம் ஒன்றும் இல்லை, அப்புறம் அவளும் இல்லை. கால்களை மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் கிடந்தாள். இந்த வருஷம் பிடித்தவளும் அதே போல, அதே கறுப்பு, அதே தழும்பு, பிடித்த இடமும் அதே துவைகல். படம் எடுத்துக் குழுவில் போட்டேன். மங்கலாக இருக்கிறது அம்மா, வேறு படம் போடுங்கள் என்றார்கள். எனக்கு அந்தப் படம் தெளிவாகத்தான் தெரிந்தது. உலகமே அந்த அளவு தெளிவாகத்தான் அப்போது தெரிந்தது, அதனால் எதில் மங்கல் என்று எனக்கு விளங்கவில்லை.

"ரெண்டாவது" என்று குரல். மேலே பார்க்கிறேன், ஒரு கணம் ஓட்டு விளிம்பும் வானமும், இந்த நீலத்தை மூன்று வருஷமாக எனக்குக் காட்டாமல் யாரோ வைத்திருந்தார்கள், சொட்டு விழுகிறது, மூடிவிட்டேன். என் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கிற விரல் தடித்திருக்கிறது. அவள் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தேன். வலதுகை நடுவிரல் நுனி, வீங்கி, சூடாக. என்னடி இது. "எலுமிச்ச முள்ளு." எலுமிச்சை மரம் பூத்தல்லவா நிற்கிறது, காயே இல்லையே, எதைப் பறிக்கப் போனாய். "கண்ண மூடிட்டு இருக்கச் சொன்னா வாயையும் மூடிட்டு இருக்கணும்" என்று கையை இழுத்துக்கொண்டாள். மறுபடியும் தேங்காய் துருவல், தூரமாகி, நின்றது. இருட்டு. இருட்டு என்று சொல்ல முடியாது, மருதாணி பிடித்த நிறம், அதில் மிதக்கிற பொடிகள். என் ராணியும் இப்படித்தான் இருப்பாள், சிவப்புக் காகிதத்துக்குள், சிவப்பு அவளுக்குத் தெரியாது, அதனால் அவளுக்கு அது முழு இருட்டு. தன் தோள் தசையைக் கரைத்துக் குடித்துக்கொண்டு. எனக்கு எழுபத்தைந்து, நானும் பறந்த தசையைத்தான் தின்றுகொண்டிருக்கிறேன், இப்போதுகூட, இந்தப் பத்து நிமிஷத்தில் எத்தனை வாய். பிரமுவிடம் தபசு என்று சொன்னபோது, "அம்பாள் ஒத்தக்கால்ல தபசு நின்னா, கடைசில சாமி வந்து காட்சி குடுத்தாரு. இதுக்கு யாரு வரப் போறா" என்றாள். நீயும் நானும் வருவோமே என்றேன். அவளுக்குப் பதில் பிடிக்கவில்லை. பட்டினி என்ற சொல்லே அவளுக்குப் பிடிக்காது. எழுபத்தெட்டில், கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம், பிரமு தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பெற்ற பிறகு மூன்று நாள் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று என் மாமியார் சட்டம். கொடுத்தால் வயிறு வைத்துவிடும், ஜன்னி வரும், சுக்கும் கருப்பட்டியும் மட்டும் உருட்டிக் கொடுக்க வேண்டும். ஆடி வெயில். நெல் குதிர் இருந்த அறையில் ஜன்னலைச் சாத்திப் படுக்க வைத்திருந்தார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டு அவள் கூப்பிட்டது சத்தமாகவே வரவில்லை, மூச்சு மட்டும், மதினி, மதினி என்று. எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று ஞாபகம் இல்லை, தண்ணீர் கொடுக்கலாம் என்று நிச்சயமாகத் தெரிந்தது, தெரியாவிட்டாலும் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், இல்லை, அப்படி நினைக்கப் பிடிக்கிறது. முந்தானைக்குள் ஒரு தம்ளரை மறைத்துக்கொண்டு, துணி மாற்றப் போகிறவள் மாதிரி போய்க் கொடுத்தேன். மூன்று நாளும். குடித்துவிட்டுத் தம்ளரின் அடியை நக்கினாள். குழந்தை ஆறு நாள் இருந்தது. பிறகு அவள் புருஷன் வீட்டிலிருந்து யாரும் வந்து கூப்பிடவில்லை, இவளும் போகவில்லை, கொலு பொம்மை செய்யவும் வர்ணம் பூசவும் கற்றுக்கொண்டாள். அந்தத் தம்ளரைப் பற்றி நாற்பத்தேழு வருஷத்தில் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

டிண். இல்லை, இது உள்ளே கேட்டது, நினைவில். டிண், டிண். நினைவு இல்லை. வீட்டுக்குள். பின்னறையிலிருந்து. பீரோ இருக்கிற அறை. பீரோ கதவு திறந்தால் ஒரு முனகல் இருக்கும், அது கேட்கவில்லை, ஆனால் எண்ணெய் போட்டிருந்தால் கேட்காது, போன வாரம் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவள் அந்தப் பக்கம் போனதை இந்தக் காதுதான் கேட்டது. கரண்டியாக இருக்கலாம். ஊறுகாய் ஜாடி. ஜாடி பீங்கான், அது தொம் என்று சொல்லும். மருந்துக் குப்பி. அது பிளாஸ்டிக். டிண், மெல்ல, சிறுபிள்ளையை எழுப்புகிற மாதிரி, டிண். நகம். அதற்குள் ஒரு விரல். கண்ணைத் திறந்தால் முடிந்தது, திறக்கக் கூடாது, திறந்தாலும் இங்கிருந்து சுவர்தான் தெரியும். எதற்குத் தட்டுகிறாள். தட்டினால் முட்டையைத் தின்றுவிடும் என்று அவளிடம் நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். நான் சொல்லிக் கொடுத்ததை வைத்தே. தட்டு வேண்டுமென்றால் கேட்டிருக்கலாமே, பொம்மைப் பெட்டியை என் கட்டில் மேல் வைத்துக்கொள் என்று சொல்லியிருப்பேனே. ஒன்பது நாளாக என்னால் குனிய முடியாது, ஒன்பது நாளாகப் பார்க்க ஆள் இல்லை. எழுந்திருக்கலாமா, கால் நாற்காலிக்குக் கீழே செருப்பைத் தேடுகிறது, செருப்பு கிடைக்கவில்லை. இப்படி நினைக்கிறேனே, யாரை நினைக்கிறேன், ஆறு நாள் பிள்ளையை மடியில் வைத்திருந்தவளை. தட்டினவர்கள் எல்லாம் கொல்லவில்லை. கொன்றது யார் என்று எனக்குத் தெரியும். ஜெபமலர் காலாண்டு லீவுக்கு ஊருக்குப் போனபோது குப்பியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். "ரெண்டு நாளைக்கு ஒருக்கா எதாவது குடு என்ன. கொசுவாச்சும் அடிச்சுப் போடு. நீ புஸ்தகத்தப் படிச்சிக் காட்டிட்டு இருந்திராத." சரி என்றேன். பத்து நாள். நான் ஒன்றும் போடவில்லை. தட்டவும் இல்லை. புத்தகம் சொன்னபடி இருட்டில், அசையாமல், மிகுந்த மரியாதையோடு வைத்திருந்தேன். அவள் வந்து தட்டினாள், டிண், டிண், இன்னொரு தடவை. கால்கள் மடங்கி, பக்கவாட்டில். இயற்கையாக நடப்பதுதான் என்றேன். ஜெபமலர் குப்பியைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைத்தாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ரெக்கார்டு நோட்டு கேட்டு வந்தாள், கொடுத்தேன், சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

காலடி. "மூணாவது. மேல பாருங்க." பார்க்கவில்லை. கண்ணை இறுக்கிக்கொண்டே கேட்டேன், பிரமு, பீரோவைத் திறந்தாயா. குழாயைத் தட்டினாயா. "மொதல்ல மருந்து." தட்டினாயா இல்லையா. பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது, உட்கார்ந்துவிட்டாள். "தட்டுனேன்." ஏன். "தட்டலன்னா அது பஞ்சுகிட்டயே நிக்கி. பஞ்ச எடுத்தா வெரலப் புடிச்சிருது. தட்டுனா உள்ள போவுது, அதுக்குள்ள போட்டுட்டு மூடிருவேன்." எதைப் போட்டுவிட்டு. "கொசு" என்றாள். எனக்குச் சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை. "மொதல்ல சீனித் தண்ணி வச்சேன், பாக்கல. தேன் வச்சேன், மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிட்டு. பொரிகடல நுணுக்கிப் போட்டேன், அத இழுத்துட்டுப் போயி மூலைல குப்பையாட்டம் வச்சிட்டு. பெறகுதான் கொசு பேட்டுல விழுந்தத ஒண்ணப் போட்டேன். பாத்தீங்களா, ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு, அந்தா தின்னுச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல. "அது சைவமில்ல மதினி." கத்தரிக்காயில் புழு இருந்தால் முழுக் கூடையையும் கொட்டுகிறவள், முட்டை போட்ட கேக் என்று தெரிந்து பல் தேய்த்தவள், என் பீரோவுக்குள் கறிச் சாப்பாடு நடத்தியிருக்கிறாள். எப்போதிருந்து. "ஆனி மாசம் பத்து தேதி இருக்கும். ஒண்ணு விட்டு ஒரு நாளு." எனக்கு அப்போதுதான் அந்தக் கறுப்புத் துகள்கள் ஞாபகம் வந்தன, வெள்ளிக்கிழமை தோறும் குழாயின் மூலையில் பார்த்தவை. கொசுவின் கால்கள். என் கண்ணில் மிதப்பவை என்று நினைத்துவிட்டேன். சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேனே பிரமு, செத்தால் தட்டு உனக்குத்தானே. நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. "பச்ச உடம்புக்காரியப் பட்டினி போட்டுட்டு, அத நான் பாத்துக்கிட்டு இருக்கணுமாக்கும்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். அந்தத் தம்ளர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றது, நாற்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு, பித்தளைத் தம்ளர், அடியில் நசுங்கல். அன்றைக்கு ஒரு வீட்டின் சட்டத்தை முந்தானையில் மறைத்து உடைத்தவள், ஒரு எறும்பு விஷயத்தில் ஏன் அச்சடித்த காகிதத்துக்கு இவ்வளவு பயந்தேன்.

விரல் எப்படி வீங்கினது என்றேன். "அதான் சொன்னேனே, புடிச்சிட்டு." கடித்ததா, கொட்டினதா. "கட்டெறும்பு கடிச்சா எனக்குத் தெரியாதா, எத்தன கடி வாங்கியிருக்கேன். இது வாயால தொடவே இல்ல. வாலத் திருப்பி ஒரு குத்து. தேளு குட்டி மாதிரி. மூணு நாளாக் கடுக்கு." கட்டெறும்பு ராணி வாலால் குத்தமாட்டாள். அவளுக்குக் கொடுக்கே கிடையாது. இடுப்பைப் பார்த்தாயா பிரமு, வயிற்றுக்கும் முதுகுக்கும் நடுவில், மெல்லிய செதில் மாதிரி இருக்கிறதா. "செதிலா. கல்கண்டுக் கட்டி மாதிரி தடியால்லா ஒண்ணு நிக்கி. வயித்துல நடுவுல ஒரு சுருக்கு வேற, பாவாட நாடா கட்டுன மாதிரி." கூடு என்ன நிறம், வெள்ளையா. "தவிடு." கண்ணை மூடிக்கொண்டு நான் சிரிக்க ஆரம்பித்தேன். மூன்று வருஷம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து நான் காணாததை, ஐந்தாம் வகுப்போடு நின்றவள் பொம்மைக்குக் கண் எழுதுகிற கண்ணால் பார்த்து வைத்திருக்கிறாள். கட்டெறும்பே இல்லையடி இது. பேராசிரியை ஒரு நாள் சொன்னார், பழைய குலத்து எறும்புகள் சில உண்டு, அவற்றின் ராணி பட்டினி இருக்கமாட்டாள், முட்டையை வைத்துவிட்டுத் தானே வெளியே போய் வேட்டையாடி வந்து தின்று பிள்ளை வளர்ப்பாள் என்று. சொல்லி முடிக்கும்போது மணி அடித்தது. நோட்டில் நான் அதை எழுதவில்லை. தேர்வுக்கு வராது என்று நினைத்திருப்பேன். போன வருஷத்துக்காரி பட்டினியில்தான் செத்தாள், நான் வெள்ளிக்கிழமை தோறும் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருக்க. ஜெபமலருடையவளும் கறுப்புத்தான், அவளுக்கும் இடுப்பில் கட்டி இருந்ததா, இல்லையா, ஞாபகத்துக்குள் குனிந்து குனிந்து பார்க்கிறேன், குப்பி தெரிகிறது, பஞ்சு தெரிகிறது, நகம் தெரிகிறது, இடுப்பு தெரியவில்லை. "சிரிக்கிறீங்களா அழுவுறீங்களா, தண்ணி வந்தா மருந்து ஒழுகிரும்" என்று முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள் பிரமு. ஓட்டு விளிம்பு, நீலம், சொட்டு. மூடினேன்.

கடைசிப் பத்து நிமிஷம். இந்தத் தடவை அவள் போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்பளம் காய்கிற வாசனை, பக்கத்து வீட்டில் யாரோ துணி உதறுகிறார்கள், சங்கரன்கோவிலுக்குப் போகிற தனி பஸ் ஒன்று மெயின் ரோட்டில் ஆரன் அடித்துக்கொண்டு போனது, கூட்டமாகப் போகிறது என்று சத்தத்திலேயே தெரிந்தது. நீ ஏன் இந்த வருஷம் தபசுக்குப் போகவில்லை என்று கேட்டேன். "சொட்டு மருந்து யாரு ஊத்துவா, உங்க எறும்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மதினி" என்றாள். என்ன. "பந்தயத்துல நான் தோத்தாச்சு." என்ன சொல்கிறாய். "செவ்வாக்கெழமையே ஒண்ணு வெளிய வந்துட்டு. நேத்து இன்னொண்ணு. நீங்க பாக்குறதுக்கு முன்னால சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். வாயி நிக்கல." எழுந்து உள்ளே போய் வந்தாள். உள்ளங்கையில் குளிர்ச்சியாக ஒரு கண்ணாடி வந்து உட்கார்ந்தது. "மணி ஆயிட்டு. தொறங்க. குனியாதீங்க, கைய மேல தூக்கிப் பாருங்க." திறந்தேன். சிவப்புக் காகிதத்தைச் சுருட்டி நீக்கியிருந்தாள். என் ராணி கறுப்பே இல்லை. கால்கள் செம்பு நிறம், மீசை செம்பு நிறம், முதுகில் மட்டும் இரும்புச் சட்டியின் கறுப்பு, இடுப்பில் கல்கண்டுக் கட்டி, இத்தனை நாளும் என் கண்ணிலிருந்த புரையைத்தான் நான் கட்டெறும்பு என்று பெயர் வைத்து வளர்த்திருக்கிறேன். தவிட்டு நிறக் கூடுகள் ஆறு, கிழிந்து காலியானவை இரண்டு. அவளுக்குப் பக்கத்தில் தேன் நிறத்தில் இரண்டு பேர், நிற்கவே சரியாகத் தெரியாமல். அதில் ஒருத்தி ஒரு கொசுவின் காலைக் கவ்விக்கொண்டு, அவள் உடம்பைவிட நீளம், இழுத்து இரண்டடி வைப்பதும் விழுவதும் எழுவதுமாக, ராணியின் வாய் வரைக்கும் கொண்டுபோய் நீட்டினாள். பெற்றவள் மீசையால் அதைத் தொட்டுப் பார்த்து வாங்கிக்கொண்டாள். "ஆக்கிப்போட ஆளு வந்துட்டு" என்றாள் பிரமு. "இனிமே எனக்கு வேல இல்ல." பொம்மைப் பெட்டியை மேல்தட்டில் வைத்துக்கொள், என் பட்டுப்புடவைகள் நாலையும் கட்டிலுக்கு அடியில் போடு, இனி யார் கட்டப் போகிறார்கள் என்றேன். "ஏன், கட்டுனா யாரு கையப் புடிக்கா" என்று குழாயை வாங்கிக்கொண்டு போனாள், வழியில் என்னைக் கேட்காமலே நகத்தால் ஒரு தடவை தட்டினாள், டிண்.

ஜெபமலர் அந்த அறுபத்தொன்பதாம் வருஷம் விலங்கியலில் தேறவில்லை, அடுத்த வருஷமும் தேறவில்லை. பிறகு நர்ஸ் வேலைக்குப் படித்து, நாகர்கோவிலில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து, மேட்ரனாக ஓய்வு பெற்றாள்.